கொம்பு இடம் மாறிய அடையாள அட்டை

14 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் சமூக ஊடகப் பணியில் இருக்கும் நான், இம்முறை மொரிசியசுக்குப் போனது அம்மாவைப் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. எபேன் சைபர் சிட்டியில் நடந்த ஒரு சமூக ஊடகத் தொழில் மாநாட்டில் 20 நிமிடம் பேச அழைத்திருந்தார்கள். விமானப் பயணம், குடிநுழைவு, ரோஸ் ஹில் வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்வந்தது ஆகியவை பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. நான் எழுத வந்தது, பதிவு மேசையில் என்னிடம் கொடுக்கப்பட்ட பெயர் அட்டையைப் பற்றி.

அட்டையில் பெயர் எந்த எழுத்தில் அச்சாக வேண்டும் என்று பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்களைத்தான் நாம் இன்றும் கடவுச்சீட்டில் சுமந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே தமிழ் படித்த நாட்களில் என் பாட்டனாரின் தகப்பனார் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அது அவர்தான் என்று உறுதி செய்யவே எனக்கு அரை நாள் பிடித்தது. எனவே, பிறந்த மண்ணில் நடக்கும் ஒரு தொழில் மாநாட்டில் என் பெயர் தமிழில் தொங்கும் என்ற எண்ணத்தோடு, 'தேவகி' என்று எழுதி அனுப்பினேன்.

அட்டையில் அச்சாகியிருந்தது 'தவேகி'.

எப்படி நேர்ந்தது என்பது பார்த்தவுடன் புரிந்துவிட்டது. யூனிகோடு முறையில் 'தே' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது முதலில் 'த', அதன் பின்னர் இரட்டைக் கொம்பு என்றுதான் வரிசை. அந்தக் கொம்பைத் தூக்கி எழுத்துக்கு இடப்புறம் வைக்கும் வேலையைத் திரையிலோ அச்சிலோ மென்பொருள்தான் செய்ய வேண்டும். அட்டையை வடிவமைத்தவர் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், கொம்பு சேமித்த இடத்திலேயே நின்று, அடுத்து வரும் 'வ'வோடு ஒட்டிக்கொள்ளும். 'கி' மட்டும் தப்பியது, அதன் மேல்விலங்கு வலப்புறமே இருப்பதால். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது என்பதை நினைத்தபோது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கொம்பை இடம் மாற்ற முடியவில்லையா என்ற ஆதங்கம் பொங்கியது.

மேசையில் இருந்த பெண் நல்லவர். ஆனால் தமிழ் எழுத்து அறியாதவர். நீங்கள் அனுப்பியதும் இதுவும் ஒன்றுதானே, மதாம் என்று ஊரின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவருக்கு வேறுபாடு தெரியவில்லை. பொறுப்பாளர் வந்தார், பிறகு வருகிறேன் என்று போனார். அடுத்து வந்தவர், கடவுச்சீட்டில் உள்ளபடி ரோமன் எழுத்தில் பேனாவால் எழுதித் தருவதாகச் சொன்னார். அப்போது நான் கைப்பையிலிருந்து ஒரு மொரிசியசு 100 ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். மொரிசியசின் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் படம் போட்ட தாள் அது. அதன் மதிப்பு தமிழிலும் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறது. 1998இல் புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று நம்மவர்கள் எழுப்பிய குரலும், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு அடுத்த ஆண்டு பழைய வரிசையில் வந்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ரூபாய்த் தாளில் சரியாக வரும் எழுத்து ஓர் அட்டையில் ஏன் வராது என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்துதான் இருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

சிங்கப்பூரில் இத்தகைய பிழையே நேராது என்று சொல்ல மாட்டேன். 2014இல் லாவ் பா சாட் உணவங்காடியின் வழிகாட்டிப் பலகையில், 'சாட்' என்பதைச் சனிக்கிழமையின் சுருக்கம் என்று எண்ணி 'சனி' என்று தமிழில் எழுதிவைத்த கதை அங்குள்ள தமிழர் அனைவருக்கும் தெரியும். ஆனால் அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று; ஒருவர் படம் எடுத்துப் போட்டால், உரியவர்கள் வருத்தம் தெரிவித்துத் திருத்தியாக வேண்டும். ஊரிலோ, பிழையைப் பிழை என்று நிறுவுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தொடக்க அமர்வு முழுவதையும் இழந்தேன்.

தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்த தொண்டர்களில் ஓர் இளைஞர், அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், கொம்பு இடம் மாறிப்போயிருக்கிறதே" என்று தமிழில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் மோக்காவில் தமிழ் படித்தவர். மென்பொருளோடு போராடாமல், தம் கைப்பேசியில் என் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, திரையைப் படமாகப் பிடித்து, அந்தப் படத்தை வார்ப்புருவில் ஒட்டி அச்சிட்டார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அட்டையை நீட்டியபோது என் முகத்தைப் பார்த்துத் தயங்கி, "நீங்கள் மூரூம் மிஸ்தானே? பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் உங்களைப் பார்ப்பார்கள்" என்றார்.

பக்கத்தில் நின்ற மேசைப் பெண்ணும் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தாயாரும் பார்ப்பவராம்.

நம் கிரியோலுக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றி மூன்று நிமிடக் காணொளிகளை நான் ஃபேஸ்புக்கில் இட்டுவருகிறேன். முருங்கைக்கீரையை 'ப்ரேத் மூரூம்' என்றும், ரசத்தை 'ராசோன்' என்றும், புட்டைப் 'பூட்டு' என்றும் நாள்தோறும் சொல்பவர்களில் பலருக்கு, அவை எந்த மொழியிலிருந்து வந்தவை என்று தெரியாது. சிங்கப்பூரில் என் தொழிலுக்காக நான் செய்யும் பெரிய விளம்பரப் பணிகளை யார் செய்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை; அதுவே முறை. சமையலறையில் நின்று முருங்கைக்கீரை உருவியபடி பேசிய காணொளிக்காக என்னை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டது அதனினும் பெரிது.

பிற அமர்வுகள் தரமாகவே இருந்தன. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் பாயிந்த் தெனி அருகே பவளப்பாறையில் மோதி, அடுத்த மாதம் எண்ணெய் கசிந்தபோது, முகநூல் அழைப்புகளைப் பார்த்து மக்கள் கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தடுப்பு மிதவைகள் செய்ததைப் பற்றிய உரையாடலில் மண்டபம் அசையாமல் இருந்தது. 2024 நவம்பர் தேர்தலுக்கு முன்பு சமூக ஊடகங்களை 11ஆம் தேதிவரை முடக்குமாறு வந்த ஆணையும், அது மறுநாளே விலக்கப்பட்டதும் பேசப்பட்டன. என் முறை வந்தபோது, தயாரித்திருந்த முதல் படத்தை விட்டுவிட்டு, இரண்டு அட்டைகளையும் தூக்கிக் காட்டியே தொடங்கினேன்.

மாலையில் ரோஸ் ஹில் நிலையத்தருகே தால்பூரி என்னும் பருப்பு ரொட்டி வாங்க நின்றேன். ஜோடியாக வைத்த ரொட்டிகளுக்குள் குரோ ப்வா என்னும் பெரிய அவரைக் கறியைப் பரப்பிக்கொண்டிருந்த பெரியவர், என் கழுத்தில் கழற்ற மறந்த அட்டையைப் பார்த்து, "தே-வ-கி" என்று எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். ஆரம்பப் பள்ளியில் கற்ற தமிழ் அவருக்கு அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறதாம். அவர் என் காணொளி எதையும் பார்த்ததில்லை. தாளில் சுற்றும்போது மிளகாய்ச் சட்னியைக் கேளாமலே கூடுதலாக வைத்தார்.

மறுநாள் காலை, தமிழில் பெயர் கேட்டிருந்த மற்ற இருவரின் அட்டைகளையும் அந்த இளைஞர் இரவே திருத்தி வைத்திருந்தார். மேசைப் பெண் அவற்றை என்னிடம் நீட்டி, கொம்பு இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, இது சரியா என்று கேட்டார். சரி என்றேன். பிறகு அந்த இளைஞர் தம் பாட்டியைக் கைப்பேசியில் அழைத்துக் கொடுத்தார். எல்லாக் கீரைக்கும் கதை சொன்ன நீ, கறிபுலேயை மட்டும் ஏன் விட்டுவிட்டாய் என்று பாட்டி கேட்டார். கறிவேப்பிலைதான் அது, பாட்டி என்று சொல்லி முடிப்பதற்குள், தெரியும், எல்லாருக்கும் சொல் என்றார். புறப்படுவதற்கு முந்தைய நாள், அம்மா வீட்டுப் பின்புற மரத்தடியில் நின்று அதைப் பதிவு செய்தேன். வரும் ஞாயிறு வெளிவரும்.