ஈஸ்டர் கிட்: முட்டை சரி, அட்டை சரி, பேப்பர் குருத்தோலை எதற்கு?

850 ரூபாய் கொடுத்து பிள்ளைகளுக்கான இந்த ஈஸ்டர் கிட்டை வாங்கலாமா என்று எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழுவில், ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், முட்டைக்கும் சிலுவைப்பாதை அட்டைக்கும் வாங்கலாம். மற்றதற்காக வாங்க வேண்டாம். விரிவாகச் சொன்னால் நடுநடுவே கோபமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லப் போவதால் கடைப் பெயரையும் தயாரித்தவர்கள் பெயரையும் எழுதவில்லை.

நான் இருப்பது மதுரை ஞானஒளிவுபுரம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் ஒன்பது வயதில் பெரியவன், ஐந்து வயதில் சின்னவள், இவர்களை மேய்க்க என் மாமியார், அதாவது பிள்ளைகளின் அப்பத்தா. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் கோயிலுக்குப் போய்வருவது ஒரு பக்கம் நடக்கும். வீட்டில் இருக்கிற நேரத்தில் இதுகள் டிவி முன்னால் உட்காராமல், நடப்பது என்னவென்று புரிந்து எதையாவது செய்ய வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

பெட்டி பார்க்க அம்சமாக இருக்கிறது. உள்ளே 12 பிளாஸ்டிக் முட்டை, இயேசு சிலுவை சுமந்து போன வழியை 14 நிலைகளாகக் காட்டும் 14 சிலுவைப்பாதை அட்டை, கல்லறைத் தோட்டம் போட ஒரு தட்டும் மண்ணும் புல் விதையும், கையில் கட்டும் பாசிமணி, பேப்பரில் அச்சடித்த குருத்தோலை, பேட்டரி மெழுகுதிரி, ஸ்டிக்கர், பசை, ஒரு கையேடு. பசை பாட்டிலைத் திறந்தால் உள்ளே காய்ந்து கல்லாகக் கிடந்தது. மைதாவைக் காய்ச்சிப் பசை பண்ணிக்கொண்டோம்.

கொடுத்த காசு முட்டைக்குத்தான். ஈஸ்டருக்கு 11 நாள் இருக்கும்போது தொடங்கி, சாயங்காலத்துக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இயேசு பட்ட பாடுகளின் கதையிலிருந்து ஒரு சின்னப் பொருள்: கழுதை, காசு, கிண்ணம், சாட்டை, முள்முடி, ஆணி, பகடைக்காய் என்று போகிறது. எந்தப் பொருளுக்கு எந்த நற்செய்திப் பகுதியை வாசிப்பது என்று கையேட்டில் இருக்கிறது. நாலைந்து வசனத்துக்கு மேல் இல்லை. இதை யோசித்தவர் பிள்ளை வளர்த்தவர்தான்.

பொருள்களில் கொஞ்சம் கஞ்சத்தனம். காசு முட்டையில் மூன்றே மூன்று பிளாஸ்டிக் காசு. "யூதாசுக்கு 30 வெள்ளிக்காசுல்ல?" என்று பெரியவன் கணக்குக் கேட்டான். அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்த்து, 2011இல் செல்லாமல் போன நாலணாக்களைக் கொட்டினார். முப்பது தேறவில்லை, ஆனால் கையில் அள்ளினால் கனம் தெரிந்தது. பிரதான குருக்கள்கூட அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போட மறுத்து, குயவன் நிலத்தை வாங்கினார்கள் என்று மத்தேயு 27இல் வருகிறது. செல்லாக்காசை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. படைவீரர்கள் இயேசுவின் உடைக்குச் சீட்டுப் போட்டதைச் சொல்லும் பகடைக்காய் வந்த அன்று சின்னவள், "சாமி சட்டைக்குத் தாயம் போட்டாங்களா அப்பத்தா?" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முள்முடி என்று கொடுத்திருப்பது வழவழவென்று ஒரு ரப்பர் வளையம். அதை எடுத்துவிட்டு, வைகைக்கரைப் பக்கமிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்து வந்து வைத்தேன். விரல் நீளம், வெள்ளை முள். சின்னவள் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

12ஆவது முட்டை காலி. கல்லறை வெறுமையாக இருந்ததற்கு அடையாளம். நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் பிள்ளை முட்டையைக் கையில் வாங்கியதும் ஆட்டிப் பார்க்காமல் இருக்கும்? முதல் நாளே எல்லாவற்றையும் காதருகே வைத்துக் குலுக்கி, சத்தம் வராதது எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். "இது டம்மி" என்று பெரியவன் தீர்ப்பும் சொல்லிவிட்டான். வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நான் ராத்திரியோடு ராத்திரியாக மற்ற 11க்குள்ளும் பஞ்சை அடைத்தேன். 12ஆவதில், பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். யோவான் 20இல் அப்படித்தானே இருக்கிறது? தலையைச் சுற்றியிருந்த துண்டு மற்றத் துணிகளோடு சேராமல் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உடலைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் துணியைக் கழற்றி வைத்துக்கொண்டிருப்பானா என்பது திருச்சபைத் தந்தையர், அதாவது தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்கள் காலத்திலேயே கேட்ட கேள்வி. ஈஸ்டர் காலையில் அதைத் திறந்ததும் பெரியவன் தானாகவே, "திருடன்னா சுருட்டி வைக்கமாட்டான்ல" என்றான். தயாரித்தவர்கள் கவனத்துக்கு: காலி முட்டையை விட இது நல்லது.

சிலுவைப்பாதை அட்டைகள் தடிமனாக, ஐந்து வயதுக் கைக்கும் கிழியாமல் இருக்கின்றன. படம்தான் சரியில்லை. 12ஆம் நிலையில், சிலுவையில் உயிர்விடும் இயேசு லேசாகச் சிரிக்கிறார். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் கோயிலில் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்கிறவர்கள், திண்டுக்கல் பக்கம் பாஸ்கு என்கிற பாடுகளின் நாடகம் பார்க்கத் தாத்தா தோளில் போனவர்கள். இரத்தத்தை மறைத்து அவர்களை ஏமாற்ற முடியாது. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் நிலைக்கு ஒரு கேள்வி அச்சடித்திருக்கிறார்கள், அது மிகமிக அருமை. 5ஆம் நிலை, சீரேன் ஊர் சீமோன்: "நீ கேட்காத ஒரு சுமை உன் தலையில் விழுந்த நாள் உண்டா?" பெரியவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தங்கச்சி பிறந்தப்ப" என்றான். சீமோனுக்கு அலெக்சாந்தர், ரூபு என்று இரண்டு பிள்ளைகள் இருந்ததை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அப்பா ஏன் வீட்டுக்கு வர லேட் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். ஒரே ராத்திரியில் ஐந்து நிலையைத் தாண்டவில்லை நாங்கள். அட்டைகளை மட்டும் தனியாக விற்றால் என் வகுப்புக்கு ஒரு கட்டு வாங்குவேன்.

பேப்பர் குருத்தோலைக்கு வருவோம். தென்னையும் பனையும் நிற்கிற ஊரில், பச்சை மசியில் அச்சடித்த ஓலையைக் கத்தரித்து ஒட்டச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. குருத்தோலை ஞாயிறன்று கோயில் வாசலிலேயே இளங்குருத்து கிடைக்கிறது. அதில் சிலுவை பின்ன அப்பத்தாவுக்குத் தெரியும், கிளி பின்னவும் தெரியும். பின்னியது சாமி படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் அடுத்து வருவதற்கு முன்னால் கோயிலில் வாங்கி எரித்துச் சாம்பலாக்கி, திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். பேப்பரைச் செருகி வைத்தால் அது எங்கே போகும்?

பாசிமணியில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கறுப்பு என்றால் பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை தூய்மை என்று நிறத்துக்கு ஒரு பொருள் சொல்லிக் கோக்க வேண்டும். வேறு நாடுகளில் ரொம்ப காலமாக இருக்கிற பழக்கம். "கருவாச்சி" என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கிவிட்டு வருகிற என் மகளிடம், கறுப்பு பாவம், வெள்ளை சுத்தம் என்று நான் எப்படிச் சொல்வது? கறுப்பு மணியை எடுத்துக் கடாசிவிட்டுச் சாம்பல் நிற மணியைக் கோத்தோம். பொருத்தமாகவும் இருந்தது. நம் ஊரில் விற்க நம் ஊரிலேயே பெட்டி போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

கல்லறைத் தோட்டம்தான் பெட்டியில் பெரிய ஐட்டம். தட்டில் மண்ணைப் பரப்பி, ஒரு சின்னத் தொட்டியைச் சாய்த்துக் குகை மாதிரி வைத்து, வாசலில் கல்லை உருட்டி, சுற்றிலும் புல் விதை தூவ வேண்டும். ஈஸ்டருக்குள் பசேலென்று வந்துவிடும் என்று கையேடு சொல்கிறது. வரவில்லை. குளிர்ப் பிரதேசத்துப் புல்லோ என்னவோ, மதுரை வெயிலுக்கு விதை அவிந்தே போயிருக்கும். சின்னவள் முகம் தொங்கிப்போனது.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். மேலூர்ப் பக்கத்துக்காரர், தன் ஊர் மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் முளைப்பாரி போட்டவர். தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒரு வாரத்துல முளைக்கணும்னா பயறப் போடாம இந்தத் தூசியப் போட்டு வச்சிருக்கியே" என்றார். அப்புறம் அவர் ராஜ்ஜியம். பாசிப்பயறும் தட்டைப்பயறும் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். தட்டில் முதலில் வைக்கோல், மேலே பொடித்த காய்ந்த சாணம், அதன் மேல் பயறு. மறுபடி மெல்லிசாகச் சாணப்பொடி. தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். முக்கியமான விஷயம், இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கட்டையாக நின்றுவிடும், இருட்டில்தான் விறுவிறுவென்று உயரும். குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் போட்டு, ஸ்டோர் ரூம் மூலையில் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினோம். கூடையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, தண்ணீர் தெளிக்கிற பொறுப்பு பாட்டிக்கு மட்டும்.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் அது அப்படியே இருக்கும் என்கிற யோவான் 12ஐப் பெரிய வெள்ளி ராத்திரி அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். ஈஸ்டர் காலையில் திறந்தால், ஒரு சாண் உயரத்துக்கு வெளிறிய மஞ்சளில் முளைகள் நெருக்கியடித்து நின்றன. நுனியில் சிலது பயறுத் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. பச்சையாக இல்லையே என்று சின்னவளுக்குக் குறை. ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் சாயங்காலத்துக்குள் மஞ்சள் மெல்லப் பச்சையாகிவிட்டது. பெரியவன் பச்சையம் பற்றிப் பாடப் புத்தகத்தை எடுத்துவந்து தங்கைக்கு வாத்தியாராகிவிட்டான். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஈஸ்டர் பிரியாணி போனது.

பேட்டரி மெழுகுதிரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தடித்த மெழுகுதிரி ஒன்றை வாங்கி, காம்பஸ் முனையால் சிலுவை, தொடக்கமும் முடிவும் என்பதற்கு அ, ன, நடப்பு ஆண்டின் நான்கு எண்கள் என்று கீறி, கோயிலில் ஈஸ்டர் இரவில் ஏற்றும் பாஸ்கா திரியில் சாம்பிராணி மணிகள் குத்துவதுபோல் ஐந்து கிராம்பைக் குத்தினோம். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துச் செய்யும் பாதம் கழுவுவதற்கு ஒரு காலின் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். தாம்பாளமும் செம்பும் இல்லாத வீடா? பெரிய வியாழன் அன்று பெரியவன் அப்பத்தாவின் பித்தவெடிப்புக் காலைக் கழுவினான். அப்பத்தா கூச்சத்தில் நெளிந்தார், அவன் விடவில்லை.

முயல் ஸ்டிக்கர்கள் பீரோ கதவுக்குப் போய்விட்டன. முயல் ஜெர்மன்காரர்கள் பழக்கம், நமக்குச் சம்பந்தமில்லை. பனி உருகி வசந்தம் வருவதைப் பற்றிக் கையேட்டில் இரண்டு பக்கம். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில்தான் வரும், மதுரையில் அப்போது தார் ரோடு உருகும். வேப்பம்பூவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சமையல் குறிப்பு ஒன்றும் உண்டு: மாவுக்குள் மார்ஷ்மெல்லோ என்கிற மெத்தென்ற மிட்டாயை வைத்து ஓவனில் சுட்டால், அது உருகி, பன்னுக்குள் கல்லறை மாதிரி வெற்றிடம் இருக்குமாம். எங்களிடம் ஓவன் கிடையாது. பூரி போட்டேன். உப்பிய பூரியைக் குத்தி, "இதுவும் காலி" என்று இரண்டும் கத்தியதில் குறிப்பு எழுதியவரின் நோக்கம் நிறைவேறியது என்றே நினைக்கிறேன். முட்டைக்குச் சாயம் கிட்டில் இல்லை. சின்ன வெங்காயத் தோலைச் சேர்த்து வைத்து, கொஞ்சம் வினிகர் விட்டு முட்டையோடு வேகவைத்தால் செங்கல் சிவப்பு ஏறும். நாமக்கல் வெள்ளை முட்டையில் நன்றாகவே பிடிக்கிறது. அந்தக் காலத்தில் தவக்காலம் முழுக்க முட்டையையும் ஒறுத்தார்கள், ஈஸ்டருக்கு முட்டை வந்தது அப்படித்தான்.

என் பெரிய புகார் இனிமேல்தான். பெட்டி வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்குத் தாவுகிறது. சனிக்கிழமைக்கு முட்டை ஒன்று இருக்கிறதே தவிர, செய்ய எதுவும் இல்லை. பீடத்தில் துணிகூட இல்லாத நாள் அது. அன்றைக்குக் காத்திருக்கிற பிள்ளைக்குத்தான் நள்ளிரவில் கோயில் விளக்கெல்லாம் அணைந்து, வாசலில் புது நெருப்பு மூட்டுவது உடம்பில் ஏறும். அதே மாதிரி ஞாயிறோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஈஸ்டரிலிருந்து பாஸ்கா காலம் 50 நாள் ஓடுகிறது, உயிர்த்த இயேசு இரண்டு சீடர்களோடு நடந்த எம்மாவு வழி இருக்கிறது, கரையில் கரி நெருப்பு மூட்டி உயிர்த்த ஆண்டவரே மீன் சுட்டுக் கொடுத்த காலைச் சாப்பாடு இருக்கிறது. கலிலேயாக் கடலில் இன்றைக்கும் பேதுரு மீன் என்று பிடித்து விற்பது நம் கண்மாய் ஜிலேபிக்குச் சொந்தக்கார மீன்தான். திங்கட்கிழமை மொட்டை மாடியில் அடுப்புக்கரியில் ஜிலேபி சுட்டோம். அந்தக் காலையில் சீடர்களின் வலையில் 153 மீன் என்று எண்ணி எழுதியவர் யார், எதற்கு எண்ணினார் என்று வாய்க்கு வாய் வாதம்.

வாங்குவதானால் தவக்காலம் தொடங்கியதும் போய்விடுங்கள். பெரிய வாரத்தில் போனால் 12 நாள் முட்டையைத் திறக்க நாள் போதாது. கடையிலேயே பெட்டியைத் திறந்து முட்டை 12 இருக்கிறதா, பசை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அட்டையை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று நான் கேட்டேன், தரமாட்டார்களாம். நாலு பேர் கேட்டால் தருவார்கள் என்று நினைக்கிறேன். போகும்போது நீங்களும் கேட்டுவையுங்கள்.