பல்லேடியமா, நிக்கலா? சுசுகி கப்ளிங்கில் என் தேர்வு

ஆரைல் குளோரைடு (பென்சீன் போன்ற வளையத்தில் குளோரின் ஏறியது) போன்றவற்றைப் போரோனிக் அமிலத்தோடு (போரான் உள்ள கரிமச் சேர்மம்) உலோக வினையூக்கி கொண்டு இணைப்பதுதான் சுசுகி கப்ளிங். அதற்கு இப்போதெல்லாம் நான் முதலில் எடுப்பது நிக்கல்தான். பல்லேடியம் அரிது, விலை கூடுதல் என்பது தெரிந்த கதை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பல்லேடியம் 1 மோல் சதவீதத்துக்குக் (வினைபொருளின் 100 மூலக்கூறுக்கு ஒரு உலோக அணு) கீழேயே வேலையை முடித்துவிடும். நிக்கல் பெரும்பாலும் 3 முதல் 10 வரை கேட்கும். பல நேரம் உலோகத்தைவிட, அதோடு பிணைந்து அதன் செயலைச் சீராக்கும் லிகண்டுக்குத்தான் அதிகம் செலவாகும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வினை முடிந்த பிறகு வரும் சுத்திகரிப்பு. விளைபொருளில் பிரிடின் வளையமோ கந்தகமோ இருந்தால் பல்லேடியம் அதோடு ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் காலம் (column) குரோமட்டோகிராஃபி செய்தும் மிச்சம் இருக்கும். அப்புறம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் தயால் (கந்தகத் தொகுதி) ஏற்றிய சிலிக்காவோடு கலக்கி, வடிகட்டி, மறுபடி அளக்க வேண்டும். நிக்கல்(2) அயனி அவ்வளவு பிடிவாதம் காட்டாது. அம்மோனியா கரைசலில் கழுவினால் பெரும்பகுதி நீர் அடுக்குக்கு இறங்கிவிடும். நீல நிறத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மருந்தில் மிஞ்சும் உலோகங்களுக்கு வரம்பு சொல்லும் ஐசிஹெச் க்யூ3டி என்ற சர்வதேச வழிகாட்டி, வாய்வழி மருந்தில் பல்லேடியத்துக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் அனுமதிக்கிறது. நிக்கலுக்கு அதுபோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பல மடங்கு உலோகம் போடுகிறோமே, இந்தச் சலுகை எந்த மூலைக்கு? நியாயமான கேள்விதான். கழுவினால் போய்விடும் என்பதால்தான் கணக்கு தேறுகிறது. கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

நிக்கல் என்றாலே கிளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) வேண்டும் என்ற பயம் பழையது. காற்றில் எடை போடக்கூடிய நிக்கல்(2) முன்னோடிகள் (வினையில் ஊக்கியாக மாறும் சேர்மங்கள்) கிடைக்கின்றன, வினையை மட்டும் நைட்ரஜனில் நடத்தினால் போதும்.

இரும்பு? மலிவிலும் பாதுகாப்பிலும் அதுவே முதலிடம். 1971-இல் வேதியியலாளர் கோச்சி காட்டிய காலம் தொட்டு கிரின்யார்டு வினைபொருளோடு (மக்னீசியம் உள்ள கரிமச் சேர்மம்) நன்றாக ஓடுகிறது. போரோனிக் அமிலத்தோடு அவ்வளவு இணக்கமில்லை. இன்னொன்று, இரும்புக் குளோரைடு ஊக்கியதாகச் சொல்லப்பட்ட சில வினைகளை உண்மையில் நடத்தியது அதில் கலந்திருந்த துளி செம்புதான் என்று 2009-இல் வேதியியலாளர்கள் புக்வால்டும் போல்மும் காட்டினார்கள். இரும்பைத் தொடுகிறவர்கள் புட்டியின் தூய்மையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதெல்லாம் சிறிய ஃப்ளாஸ்க் அனுபவம். கிலோ கணக்கில் நிக்கலை ஓட்டியதில்லை. அந்த அளவில் செலவழிந்த பல்லேடியத்தை மீட்டுக்கொடுக்க சுத்திகரிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன, நிக்கல் கழிவுநீருக்கோ நாம்தான் செலவழிக்க வேண்டும். அங்கே என் தேர்வு மாறலாம்.