காட்பாடி முதல் பாகாயம் வரை: பெட்ரோல் வண்டியா, மின்சார ஸ்கூட்டரா, டவுன் பஸ்ஸா?

வேலூரில் பாலாற்றுக்கு வடக்கே காட்பாடி பக்கம் குடியிருப்பவர்கள், தெற்கே பாகாயம் வரை நீளும் ஊருக்குள் ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் வேலைக்கு வருகிறார்கள். தெற்கே இருப்பவர்கள் ரயிலுக்கும் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கும் வடக்கே போகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் விருதம்பட்டுப் பாலத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். காலையில் அங்கே புகை கக்கிக்கொண்டு நிற்பவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் டூ-வீலர்கள். இதைக் குறைக்க நம் கையில் என்னென்ன வழி இருக்கிறது?

பெட்ரோல் வண்டியின் பலம் ஒன்றுதான்: வீட்டு வாசலில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கலாம். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் ஆகிறது. ஆனால் டேங்கில் ஏற்கெனவே கிடக்கும் பெட்ரோலை யாரும் அன்றன்றைய செலவாகப் பார்ப்பதில்லை.

மின்சார ஸ்கூட்டர் புகையை ஒழிக்கிறது, சத்தத்தையும் குறைக்கிறது. 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் போதும். பக்கத்து ராணிப்பேட்டையிலேயே ஆம்பியர் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. தடை எங்கே என்றால், வாங்கும் விலையிலும் சார்ஜ் போடும் இடத்திலும். மாடியில் வாடகைக்கு இருப்பவர் கீழே பிளக் பாயிண்ட் கேட்டால் எல்லா வீட்டுக்காரரும் சம்மதிப்பதில்லை. இன்னொன்று, பாலத்தில் அதுவும் பெட்ரோல் வண்டி அடைக்கும் அதே இடத்தைத்தான் அடைக்கும். காற்று சுத்தமாகும், நெரிசல் அப்படியே இருக்கும்.

அதனால் நான் பஸ் பக்கம் நிற்கிறேன். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி வழியாக பாகாயம் போகும் 1, 2 நம்பர் டவுன் பஸ்கள் இந்த ஊரின் முதுகெலும்பு. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் பாலத்தில் அத்தனை வண்டிக்கான இடம் மிச்சம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அப்படியிருந்தும் எத்தனையோ பெண்கள் ஸ்கூட்டியில்தான் வருகிறார்கள். ஆகவே காசு இங்கே பெரிய தடை இல்லை.

நடைதான் தடை. காட்பாடி காந்தி நகரின் உள்தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் கடையின் போர்டு, நிறுத்திய வண்டி, திறந்த கால்வாய். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், நிழலில்லாத நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு எத்தனை நேரம் நிற்பது? அடுத்த பஸ் எப்போது, ராத்திரி கடைசி பஸ் எப்போது என்று பல நிறுத்தங்களில் ஒரு பலகைகூட இல்லை. ராத்திரி நேரத்தில் ஷிப்ட் முடியும் நர்ஸுக்குத் திரும்பிப் போக பஸ் கிடைக்குமா என்ற சந்தேகம் இருந்தால், வேலைக்குக் கிளம்பும்போதே வண்டியை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. புதுப் பாலம் கட்டும் பணத்தில் சிறு பங்கை நடைபாதைக்கும் நிழற்குடைக்கும் நேர அட்டவணைக்கும் ஒதுக்கினால், வண்டிகள் தானாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஷேர் ஆட்டோ இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. கை காட்டினால் நிற்கும். ஆனால் பஸ் ஓடும் அதே ரோட்டில் பஸ்ஸோடு போட்டி போடுகிறது. உள்தெருக்களிலிருந்து ஆட்களை நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டால் இரண்டுக்குமே பிழைப்பு இருக்கும்.

ரயில்? காட்பாடியிலிருந்து ஆற்றுக்குத் தெற்கே உள்ள வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை பாதை இருக்கிறது. சென்னை கடற்கரை – வேலூர் கன்டோன்மென்ட் வண்டி 2024 மே முதல் திருவண்ணாமலை வரை போவது வெளியூர்ப் பயணத்துக்கு நல்ல வரவு. ஊருக்குள் தினசரிப் போக்குவரத்துக்கு, ஓடும் சில வண்டிகள் போதாது.

சைக்கிளுக்கு இந்தச் சமவெளி தோதானது. 3 கிலோமீட்டரை கால் மணி நேரத்தில் கடக்கலாம். அரசு பதினோராம் வகுப்பில் இலவசமாகக் கொடுக்கும் சைக்கிள், பள்ளி முடிந்ததும் பல வீடுகளில் மூலைக்குப் போய்விடுகிறது. அண்ணா சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே பிள்ளையை அனுப்ப எந்த அம்மா துணிவார்? தனிப்பாதை வரும்வரை காந்தி நகர், சத்துவாச்சாரி உள்தெருக்களுக்குள் சைக்கிள் நல்லது.

அப்போ மின்சார ஸ்கூட்டர் யாருக்கு? மெயின் ரோட்டை விட்டு உள்ளே, பஸ் எப்போதாவது வரும் கிராமத்தில் இருப்பவருக்கு. அங்கே சொந்த வீடு, வாசலிலேயே பிளக் பாயிண்ட் போட்டுக்கொள்ளலாம். அவர் பழைய பெட்ரோல் வண்டியை மாற்றும்போது யோசிக்காமல் அதை வாங்கலாம்.