பூட்டக்கூடிய தானியங்கி மாத்திரைப் பெட்டி: தலைக்காயம் அடைந்தவர் இருக்கும் வீட்டில்

இரு சக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்ட என் அண்ணன், வலிப்பு வராமலிருக்க லெவெடிராசெட்டம் மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறார். பள்ளி நாட்கள் வரை எல்லாம் அவருக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. சற்று முன் மாத்திரை போட்டுக்கொண்டோமா என்பது மட்டும் மனத்தில் தங்குவதில்லை. ஆகவே ஒரு வேளை தவறிவிடுவதைக் காட்டிலும், போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொள்வாரோ என்பதே எங்கள் அச்சமாக இருந்தது. கிழமை அச்சிட்ட சாதாரணப் பெட்டியில் எந்த அறையையும் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால் அது பயன்படவில்லை.

இப்போது வாங்கியிருப்பது 28 அறைகள் கொண்ட, சாவியால் பூட்டக்கூடிய வட்டப் பெட்டி. குறித்த நேரத்தில் உள்தட்டு சுழன்று ஓர் அறை மட்டும் திறப்புக்கு நேராக வருகிறது. விளக்கு மின்னி, ஒலி எழுகிறது. பெட்டியைக் கவிழ்த்து மாத்திரையைக் கையில் கொட்டினால்தான் அந்த ஒலி நிற்கிறது. இந்தக் கடைசி ஏற்பாட்டுக்காகவே கொடுத்த விலை தகும் என்பேன். கைப்பேசி அலாரத்தை அணைத்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். அது சோம்பல் அன்று; மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால், செய்ய வேண்டியது தெரிந்திருந்தும் அதைத் தொடங்குவது கடினமாகிவிடக்கூடும். (வந்துபோகும் உறவினர்களுக்கு இதை விளக்குவது தனிப் பாடு.) "மாத்திரை போட்டாச்சா?" என்று வேளைக்கு வேளை கேட்டு அவரைச் சிறுபிள்ளையாக்கிக்கொண்டிருந்த வழக்கமும் வீட்டில் குறைந்திருக்கிறது. கையில் கொட்டியதை விழுங்கினாரா என்பது பெட்டிக்குத் தெரியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

குறை என்றால் அந்தக் கீச்சொலிதான். தலைக்காயத்துக்குப் பின் இரைச்சலைத் தாங்க இயலாதவர்கள் பலர் இருக்க, அவர்களுக்கும் விற்கும் பொருளில் மிகக் குறைந்த ஒலியளவே இவ்வளவு கூர்மையாக இருப்பது கவனக்குறைவு. மடித்த துண்டின்மேல் வைத்தால் சற்று அடங்குகிறது.

நாளுக்கு இரு வேளை என்றால் ஒருமுறை நிரப்பியது 14 நாட்களுக்கு வரும்; நிரப்புவதும் சாவியை வைத்திருப்பதும் வேறொருவராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கை வலுவிழந்தவர்கள், ஒரு கையால் சாய்க்க உதவும் தாங்கியுடன் கிடைக்கும் வகையைத் தேடி வாங்குவது நல்லது. வலிப்புக்கான மற்றொரு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் முதலில் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அம்மாத்திரை ஈரத்தை இழுக்கும் தன்மையுடையதால், உறையிலிருந்து பிரித்து இத்தகைய பெட்டிகளில் போட்டு வைப்பதற்கு ஏற்றதன்று.