ராபர்ட் ரூபினும் கேரி கோனும்: ஒரே நிறுவனம், ஒரே நாற்காலி, வேறு வேறு முடிவு

பெரிய நிறுவனத்தை நடத்திய ஒருவர் அமெரிக்க அதிபரின் மூத்த ஆலோசகராகப் போனால் எப்படிச் சமாளிப்பார்? இதைப் பார்க்க ரூபின், கோன் இருவரையும்விடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. ராபர்ட் ரூபின் 1990 முதல் 1992 வரை கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் இணைத் தலைவர். கேரி கோன் அதே நிறுவனத்தில் 2006 முதல் பத்து வருடம் சி.இ.ஓ.வுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். வெள்ளை மாளிகையிலும் இருவரும் உட்கார்ந்தது ஒரே நாற்காலியில்தான்: தேசியப் பொருளாதார கவுன்சிலின் இயக்குநர் பதவி. ரூபின் கிளின்டனிடம் இரண்டு வருடம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு நிதியமைச்சராக உயர்ந்தார். கோன் டிரம்பிடம் பதினான்கே மாதம் இருந்துவிட்டு வெளியேறினார்.

கிளின்டன் பிறர் சொல்வதைக் கேட்பார், டிரம்ப் கேட்கமாட்டார், அதனால் இப்படி ஆயிற்று என்று பலரும் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்தப் பதவி எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது.

1993 ஜனவரி 25 அன்று கிளின்டன் ஒரு நிர்வாக ஆணை மூலம் உருவாக்கியதுதான் இந்த கவுன்சில். இதன் இயக்குநராக வர செனட் ஒப்புதல் தேவையில்லை. அதேபோல் எந்தத் துறைக்கும் அவர் உத்தரவு போட முடியாது. கையில் இருக்கும் ஊழியர் படையும் சிறியது. நிதித் துறை ஒன்று சொல்லும், வர்த்தகத் துறை வேறொன்று சொல்லும், தொழிலாளர் துறை இரண்டையும் மறுக்கும். அவை எல்லாவற்றையும் திரட்டி, யார் வாதத்தையும் நசுக்காமல் அதிபர் முன் வைக்க வேண்டும். நேற்றுவரை சொன்னதும் காரியம் நடந்து பழகிய ஒருவருக்கு இது சுலபமான வேலை இல்லை.

ரூபினுக்கு இது பொருந்தியதற்கு அவர் வளர்ந்த இடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1966-ல் கோல்ட்மேனில் சேர்ந்து அவர் பார்த்தது ஆர்பிட்ரேஜ் வேலை. இரண்டு நிறுவனங்கள் இணையப்போவதாக அறிவிப்பு வரும். அது நடக்குமா, நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு, நடக்காவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று மஞ்சள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுப்பார். 'நான் நினைப்பது தவறாக இருக்கலாம்' என்பதையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டிய தொழில் அது. அப்போது கோல்ட்மேன் பங்குச் சந்தைக்கு வராத கூட்டாண்மை நிறுவனம். உச்சிப் பதவியைக்கூட ஸ்டீபன் ஃப்ரீட்மேனோடு பகிர்ந்துதான் வகித்தார். (அந்த ஃப்ரீட்மேனும் பிற்பாடு ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் இதே கவுன்சிலுக்கு இயக்குநரானார்.)

1993 ஜனவரி 7-ம் தேதி லிட்டில் ராக்கில் நடந்த கூட்டத்தில் அந்தப் பழக்கம் தெரிந்தது. கிளின்டன் இன்னும் பதவி ஏற்கவில்லை. நடுத்தர வர்க்கத்துக்கு வரிக் குறைப்பு, புதிய முதலீடுகள் என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்திருந்தார். ஆனால் 1992-ன் பட்ஜெட் பற்றாக்குறை 29,000 கோடி டாலர். பற்றாக்குறையைக் குறைத்தால் நீண்ட கால வட்டி இறங்கும் என்றது ஒரு தரப்பு. முதலீட்டைக் கைவிடக் கூடாது என்றது, தொழிலாளர் அமைச்சராக வரவிருந்த ராபர்ட் ரைஷின் தரப்பு. மணிக்கணக்கில் விவாதம் நடந்தது. ரூபின் பற்றாக்குறைக் குறைப்புப் பக்கம்தான். ஆனாலும் தன் கருத்தை முன்னே தள்ளாமல், எதிர்த் தரப்பும் முழுதாகப் பேச இடம் கொடுத்தார். அதனால்தான் தோற்ற தரப்பும் பிறகு அந்தத் திட்டத்துக்காக வேலை செய்தது. கடைசியில் அது பிரதிநிதிகள் சபையில் 218-க்கு 216 என்று தப்பியது. செனட்டில் துணை அதிபர் அல் கோரின் ஓட்டு தேவைப்பட்டது. உள்ளுக்குள் பிளவு இருந்திருந்தால் அந்தத் திட்டம் அன்றைக்கே செத்திருக்கும். 1998-ல் பட்ஜெட் உபரிக்கு வந்தது. அதற்குத் தொழில்நுட்ப ஏற்றமும் ஒரு காரணம், முழுப் புகழையும் ரூபினுக்கே கொடுத்துவிட முடியாது.

சரி, கோன் கதைக்கு வருவோம். கிளீவ்லாந்தில் பிறந்தவர், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டோடு படித்து முன்னேறியவர். யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் வீட்டுப் பொருட்கள் பிரிவில் விற்பனை வேலையில் தொடங்கினார். நியூயார்க்கில் விமான நிலையம் போகும் ஒரு டாக்ஸியில், முன்பின் தெரியாத ஒருவரோடு ஏறிப் பேச்சுக் கொடுத்தே சரக்குச் சந்தையில் வேலை வாங்கியவர். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் சந்தைத் தளத்தில் பழகிய வேகமும், என் கருத்து இதுதான் என்ற அழுத்தமும் வெள்ளை மாளிகைக்கும் அவரோடு வந்தன. அவர் நடுவராக இல்லை, ஒரு தரப்பாகவே இருந்தார். இறக்குமதிக்குக் காப்புவரி வேண்டும் என்ற வர்த்தக ஆலோசகர் பீட்டர் நவாரோ, வர்த்தக அமைச்சர் வில்பர் ராஸ் ஒரு பக்கம். கோன் மறு பக்கம்.

வரி விஷயத்தில் அதிபர் விரும்பியதும் இவர் விரும்பியதும் ஒன்றாக இருந்தன. 2017 டிசம்பரில் நிறுவன வரி 35 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கியது. அது அவருடைய பெரிய வெற்றி. விருப்பம் வேறான இடங்களிலெல்லாம் தோல்விதான். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் நீடிக்கச் சொன்னார், டிரம்ப் விலகினார். சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் நடத்திய பேரணியின் வன்முறையைப் பற்றி டிரம்ப் பேசியதற்குப் பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்தார், கொடுக்கவில்லை. அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வரிச் சட்டத்துக்காகத் தங்கினார். தங்கியவரின் பேச்சுக்கு அதன் பின் எடை இல்லாமல் போனது.

2018 மார்ச் 1 அன்று எஃகு, அலுமினியத் தொழிலதிபர்களை அழைத்து உட்காரவைத்து, எஃகுக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் காப்புவரி என்று டிரம்ப் அறிவித்தார். அந்த உலோகங்களை வாங்கிப் பயன்படுத்தும் தொழில்காரர்களையும் அதிபர் ஒருமுறை கேட்கட்டும் என்று கோன் ஏற்பாடு செய்துகொண்டிருந்த சந்திப்பு நடக்கவே இல்லை. மார்ச் 6-ல் விலகல் அறிவிப்பு வந்தது. எல்லாத் தரப்பையும் அதிபர் கேட்கும்படி செய்வதற்காகவே உருவான கவுன்சில் அது. அதன் தலைவராலேயே அது முடியவில்லை என்றால் அந்தப் பதவியில் மிச்சம் என்ன இருக்கிறது?

இந்த இருவர் பக்கத்தில் மூன்றாவதாக வலேரி ஜாரெட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். சிகாகோவின் ரியல் எஸ்டேட் நிறுவனமான ஹாபிடாட்டின் சி.இ.ஓ.வாக இருந்து, ஒபாமாவின் எட்டு வருடமும் மூத்த ஆலோசகராக நிலைத்தவர். தலைமைப் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள், இவர் மட்டும் மாறவில்லை. 1991-ல் சிகாகோ மேயர் அலுவலகத்துக்கு, பிற்பாடு ஒபாமாவின் மனைவியான மிஷெலை வேலைக்கு எடுத்ததே இவர்தான். அந்த நட்பே பெரிய பலம். ஆனால் அதிபர் குடும்பத்தோடு இரவு உணவில் உட்காரக்கூடியவர் பகல் கூட்டத்தில் எதிரே இருந்தால், மற்றவர்கள் எவ்வளவு மனம் திறந்து பேசுவார்கள்? அந்த முணுமுணுப்பு எட்டு வருடமும் ஓயவில்லை. அவருடைய கம்பெனி நிர்வகித்த க்ரோவ் பார்க் குடியிருப்புக்கு 2006-ல் மத்திய அரசு ஆய்வாளர்கள் 100-க்கு 11 மதிப்பெண் கொடுத்ததையும் மறக்கக் கூடாது. அங்கே குடியிருந்தவர்கள் ஏழைகள்.

அப்படியானால் அந்த நாற்காலிக்கு மூவரில் யார்? எனக்கு ரூபின்தான். ஆனால் அவர் அந்த நாற்காலியை விட்டு நிதியமைச்சரான பின் நடந்தது என்னை இன்னும் உறுத்துகிறது. 1998-ல் டெரிவேட்டிவ் (வேறொரு பொருளின் விலையைப் பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று, அந்தச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவர் புரூக்ஸ்லி பார்ன் எச்சரித்தபோது, எதிர்த்து நின்றவர்களில் நிதியமைச்சர் ரூபினும் ஒருவர். 1999 ஜூலையில் பதவி விலகினார், அக்டோபரில் சிட்டி குழுமம் என்ற பெரிய வங்கி நிறுவனத்தில் சேர்ந்தார். நவம்பரில் கையெழுத்தான சட்டம் வங்கியையும் காப்பீட்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்த வழி விட்டது. சிட்டிக்குத் தேவைப்பட்டதும் அதுதான். பத்து வருடத்தில் அங்கே 11 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார். 2008 நெருக்கடியில் அந்த வங்கியைத் தூக்கி நிறுத்த அரசு 4,500 கோடி டாலர் போட்டது.

நிறுவனத்திலிருந்து அரசுக்கு வருகிறவர்கள் முரண்படும் பங்குகளை விற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விஷயங்களில் தலையிடாமல் ஒதுங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி விற்று, பணத்தை அனுமதித்த முதலீடுகளில் போட்டால் லாபத்துக்கு உடனே வரி கட்ட வேண்டாம் என்று சலுகையும் உண்டு. கோல்ட்மேனை விட்டுக் கிளம்பும்போது சுமார் 28 கோடி டாலர் மதிப்புள்ள பங்கும் பணமுமாக வெளியே வந்த கோன் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை சின்ன விஷயம் இல்லை. உள்ளே வரும் வாசலுக்கு இவ்வளவு விதி வைத்தவர்கள், தான் கண்காணித்த துறையிலேயே மூன்று மாதத்தில் வேலைக்குச் சேரும் நிதியமைச்சரைத் தடுக்க ஒரு விதி வைத்திருக்க வேண்டும். இரண்டு வருட இடைவெளியாவது கேட்டிருக்கலாம்.