கியர்பாக்ஸை இறக்கவே இல்லை, ஆனால் ரீபில்டுக்குப் பணம் வாங்கிவிட்டார்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள லாரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பித்ததாகச் சொல்லி அதற்கான முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் என்ன செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காலையில் எடுத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், கியர் மாறுவதே தெரியாது. முக்கால் மணி நேரம் ஓடி நன்றாகச் சூடானதும், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு உதை. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே உதைதான். சில நாள் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்ளும், எஞ்சின் லைட்டும் எரியும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பதே பெரிய துப்பு. கியர்பாக்ஸுக்குள் கியரைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருந்தால், சாவியைத் திருப்பியதும் அது புதிதாகிவிடாது. இப்படி வந்து வந்து போகிற கோளாறு என்றால் வயர், கனெக்டர், சென்சார், சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் ஆயில் வால்வு) என்று மின்சாரப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "கியர்பாக்ஸ் போச்சுங்க, உள்ளே பிளேட்டெல்லாம் எரிஞ்சிருக்கும்" என்றார். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றி, அதன் காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை வழித்து என் விரலில் தடவினார். "பாருங்க, எல்லாம் இரும்பு." பயந்துபோய்ச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் காந்தத்தை அங்கே வைப்பதே அந்தப் பொடியைப் பிடிப்பதற்காகத்தான். பென்சில் கரி மாதிரி மெத்தென்று விரலில் பரவினால் அது சாதாரணத் தேய்மானம், ஓடின வண்டி எல்லாவற்றிலும் இருக்கும். விரல்களுக்கு இடையில் உருட்டும்போது குத்துகிற உலோகச் சில்லு, பேனின் அடியில் கருப்புக் கருப்பாகக் கிடக்கும் கிளட்ச் லைனிங் துண்டுகள், இவைதான் ஆபத்து. என் பேனில் அவை எதுவும் இல்லை. ஆயிலும் சிவப்பாகவே இருந்தது, கருகிய வாடை கொஞ்சமும் இல்லை. பிளேட் எரிந்திருந்தால் ஆயில் கறுத்து, தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறும். கண்ணெதிரே இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் என்ன வந்தது என்று கேட்டேன். "பி0700, கியர்பாக்ஸ் கோட்" என்றார். அந்த எண் எந்தப் பழுதையும் சொல்வதில்லை. கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் ஒரு கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது, அங்கே போய்ப் பார் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனரை மாட்டினால்தான் அசல் எண் கிடைக்கும். பி0715, பி0720 என்றால் வேக சென்சார் சர்க்யூட். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, உள்ளே வழுக்கல் இருக்கலாம். என் வண்டியில் இருந்தது பி0748, அதாவது ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. அவர் அதைப் பார்க்கவே இல்லையா, பார்த்தும் அழித்துவிட்டாரா, தெரியாது.

பதினோரு நாள் கழித்து வண்டி வந்தது. இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் அதே உதை. போன் செய்தால், "புதுசா கட்டினதுங்க, கம்ப்யூட்டர் பழகணும், கொஞ்சம் ஓட்டுங்க" என்றார்கள். இது பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். வேலை பார்த்த பிறகு கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளும், அதுவரை கியர் மாறுவது கொஞ்சம் முரடாக இருக்கலாம். ஆனால் அது சூடான பிறகு மட்டும் வந்து, லைட்டையும் எரிய வைத்து, ஒரே கியரில் மாட்டிக்கொள்ளாது.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். எதையும் தொடுவதற்கு முன் டார்ச்சோடு கால் மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பிறகு என்னையும் கீழே வரச் சொன்னார். ஆயில் பேன் போல்ட்டுகள் பளபளவென்று இருந்தன, கேஸ்கெட் புதிது. டார்ச்சைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, எஞ்சினோடு கியர்பாக்ஸ் சேரும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் காட்டினார். தலை தெரியாத அளவுக்கு இறுகிப்போன சேறு. நகத்தால் நெம்பினார், அது ஒரே பத்தையாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் ஸ்பானர் பட்ட தடமே இல்லாத துரு. "இந்தப் போல்ட்டைக் கழட்டாம கியர்பாக்ஸ் கீழ இறங்காது தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கியது.

ஆக, அவர்கள் செய்தது பேனைக் கழற்றி ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது மட்டும்தான்.

அசல் கோளாறை அவர் அரை மணி நேரத்தில் பிடித்தார். கியர்பாக்ஸுக்குப் போகும் வயர் கற்றை கிளிப்பிலிருந்து நழுவி சைலன்சர் குழாயை ஒட்டிக் கிடந்தது. சூட்டில் வயரின் மேலுறை மொறமொறவென்று வெடித்து, உள்ளே கம்பி இழைகள் பச்சை பிடித்து இரண்டு மூன்றுதான் மிச்சம். மீட்டரை வைத்துக்கொண்டு வயரை லேசாக அசைத்தார், தொடர்பு விட்டுப்போனது. அந்த சோலினாய்டுக்கு மின்சாரம் நின்றால் என் கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தம் முழு அளவுக்கு ஏறிவிடும். பிளேட் வழுக்கி எரிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். முழு அழுத்தத்தில் கிளட்ச் பட்டென்று கவ்வுவதுதான் அந்த உதை. இத்தனை நாளும் கியர்பாக்ஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு நாள் நன்றாக ஓடியதற்குக் காரணம், பேனைக் கழற்றும்போது கை பட்டு வயர் நகர்ந்ததாக இருக்கும் என்றார். புது வயர் வைத்து சால்டர் செய்து, சூடு தாங்கும் உறை போட்டு, கிளிப்பில் மாட்டினார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. அதன் பிறகு ஒரு உதைகூட இல்லை.

உங்கள் வண்டி உதைத்தால் முதலில் கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில், கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் அளவு பிளக்கைத் திறந்து பார்ப்பார்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, அதற்குமேல் ஓட்டாதீர்கள். கையேட்டில் உள்ள ரகத்தைத் தவிர வேறு ஆயில் ஊற்ற விடாதீர்கள். பேட்டரியும் எர்த் வயரும் பலவீனமாக இருந்தாலும் கியர் தாறுமாறாக மாறும். நிற்கும்போதும் கிளம்பும்போதும் மட்டும் "டங்" என்று கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டையும் கியர்பாக்ஸ் மவுன்ட்டையும் பாருங்கள், பலர் அதையே கியர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். இதெல்லாம் முடிந்து, கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தையும் அளந்த பிறகுதான் பிரிக்கும் பேச்சே வர வேண்டும்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், வண்டியை விடும் முன் பெல் ஹவுசிங் போல்ட் தலைகளில், பாதி போல்ட்டிலும் பாதி ஹவுசிங்கிலும் படும்படி ஒரு பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கோட் எண்களை எழுதி வாங்குங்கள். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

நான் அதைப் பிறகுதான் கேட்டேன். பழைய பிளேட்டெல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். போல்ட் படங்களைக் காட்டியதும் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். நான்கு முறை போய்விட்டேன், பணம் வரவில்லை. கிளட்ச் பிளேட் செட், சீல் கிட் என்று அவர்களே எழுதிக் கொடுத்த பில் என்னிடம் இருக்கிறது. அதையும் சேறு படிந்த அந்த போல்ட்டுகளின் படங்களையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.