நம்பியாருக்குப் பணம் கட்டினேன், பிராண் வந்தார்: ஓர் எச்சரிக்கை

தமிழ்ப் படங்களை "வில்லன்கள் தொகுப்பு" என்று பென் டிரைவில் போட்டு விற்கிறார்கள். சமூக ஊடகங்களில் அந்த விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். கருப்புப் பின்னணியில் நம்பியார், பி.எஸ்.வீரப்பா, ரகுவரன் ஆகியோரின் முகங்கள். கீழே "அசல் படங்கள், முழு நீளம், 4கே தரத்தில் புதுப்பித்தவை, உரிமை பெற்றவை" என்று நான்கு வாக்குறுதிகள். விலை 1,999 ரூபாய். நான் வாங்கினேன். அந்த நான்கில் ஒன்றுகூடத் தொகுப்பு முழுவதற்கும் பொருந்தவில்லை.

விற்பவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களுக்குப் பயன்படாது. நான் பணம் கட்டியபோது இருந்த பெயர் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. அதே தொலைபேசி எண்ணில், வேறு பெயரில், நகைச்சுவை நடிகர்களின் தொகுப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் திறந்தது "எங்க வீட்டுப் பிள்ளை" என்று பெயரிடப்பட்டிருந்த கோப்பு. 1965இல் வந்த எம்.ஜி.ஆர். படம் ஓட வேண்டிய இடத்தில் திலீப் குமார் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அது 1967இல் வந்த "ராம் அவுர் ஷியாம்". தமிழ்ப் படத்தை இயக்கிய அதே சாணக்யா இயக்கியதுதான். இரண்டுக்கும் மூலம் 1964இல் வந்த "ராமுடு பீமுடு" என்ற தெலுங்குப் படம். அதையும் இயக்கியவர் அவரே. ஒரே இயக்குநர், ஒரே கதை, மூன்று மொழிகள். வில்லன்கள் மட்டும் தெலுங்கில் ராஜநாலா, தமிழில் நம்பியார், இந்தியில் பிராண்.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழில் நல்ல பிரதி கிடைக்கவில்லை சார். அதனால் இந்தியைப் போட்டோம். கதை ஒன்றுதானே?" என்றார். பணத்தைத் தர மறுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. வில்லன்கள் என்று சொல்லி விற்றுவிட்டு, வில்லனை மாற்றிக் கொடுத்ததைக் "கதை ஒன்றுதானே" என்று நியாயப்படுத்துகிறவரை என்ன சொல்வது?

பிராண் மட்டமான நடிகர் என்று நான் சொல்லவில்லை. தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர். அவர் கையிலும் சவுக்கு மிரட்டத்தான் செய்கிறது. ஆனால் வில்லன் ஒரு படத்துக்குள் மட்டும் உருவாகிறவன் அல்லன். நம்பியார் சவுக்கை ஓங்கும்போது, அதற்கு முன்னால் எத்தனையோ படங்களில் எம்.ஜி.ஆருக்கு எதிராக அவர் செய்த சதிகள் அனைத்தும் பார்க்கிறவர் நினைவில் இருக்கின்றன. கண்ணை இடுக்கிக் கைகளைப் பிசைந்தாலே கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழும். அந்தப் பழைய கணக்கு முழுவதும் சேர்ந்துதான் சவுக்கு கை மாறும் கட்டத்துக்கு அத்தனை வலுவைத் தருகிறது. "நான் ஆணையிட்டால்" பாட்டின் பாதி பலம் வாலியின் வரிகளிலும் டி.எம்.எஸ். குரலிலும் இருக்கிறது என்றால், மீதிப் பாதி படியில் அடி வாங்கி ஓடும் நம்பியாரிடம் இருக்கிறது. ரீமேக் உரிமை வாங்குகிறவர் கதையை வாங்கலாம், காட்சிகளை வாங்கலாம். இரண்டு நடிகர்களுக்கு நடுவே பல ஆண்டுகளாக ஊறிய பகையை எந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியும்? அதே நம்பியார் வெளியே சபரிமலைக் குருசாமி, சைவ உணவுக்காரர் என்பது தமிழ்நாட்டுக்கே தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் மக்கள் அவரைத் திரையில் வெறுத்தார்கள். அதுதான் அவருடைய சாதனை.

அடுத்தது "பில்லா". விளம்பரத்தில் இருந்தது ரஜினிகாந்தின் 1980ஆம் ஆண்டுப் படம். வந்தது அஜித்தின் 2007ஆம் ஆண்டுப் படம். ஆண்டைக் குறிப்பிடாமல் "பில்லா" என்று மட்டும் போட்டிருந்ததால் இது ஏமாற்று ஆகாது என்பது விற்றவர் வாதம். ரஜினியின் புகைப்படத்தைப் போட்டு விளம்பரம் செய்தீர்களே என்றால் பதில் இல்லை.

2007 பில்லாவை எனக்குப் பிடிக்கும், அந்தப் படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தக் கதையில் கதாநாயகன் முகமே வில்லன் முகமாகவும் இருக்கிறது. 1978இல் அமிதாப் பச்சன் நடித்த "டான்" தொடங்கி அப்படித்தான். ஆகவே நடிகர் மாறினால் வில்லனும் மாறிவிடுகிறான். 1980இல் ரஜினி "மூன்று முடிச்சு", "16 வயதினிலே" போன்ற படங்களில் வில்லனாக மிரட்டிவிட்டுக் கதாநாயகனாக ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த பில்லாவின் சிரிப்பில் பரட்டையின் நாற்றம் இன்னும் மிச்சமிருந்தது. அஜித்தின் பில்லாவோ "வாலி" படத்தின் அண்ணன் வேடத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு வகைக் குளிர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க ஆசைப்படலாம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தலையில் கட்டுவது விற்பனை நேர்மை ஆகாது.

"கதை ஒன்றுதானே" என்ற வாதத்தைச் சுக்குநூறாக்க "கஜினி" ஒன்றே போதும். தொகுப்பில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் படத்துக்குப் பதிலாக 2008இன் இந்திப் படம் இருந்தது. இரண்டையும் இயக்கியவர் ஏ.ஆர்.முருகதாஸ். இரண்டிலும் வில்லன் பிரதீப் ராவத். ஆனால் தமிழில் அவருக்கு இரட்டை வேடம். ராம், லட்சுமண் என்ற இரட்டையரில் யாரைத் தேடுகிறோம் என்ற குழப்பமே கடைசிப் பகுதியின் ஓட்டம். இந்தியில் வில்லன் ஒருவன்தான், அவனுக்கே கஜினி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழ் வடிவத்தில் வில்லன்களில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. ஆக, இயக்குநரே வில்லனின் எண்ணிக்கையை மாற்றிப் புதிதாக எழுதிய படத்தை, "அதேதான் இது" என்று விற்கிறார்கள். வில்லன்கள் தொகுப்பில் ஒரு வில்லன் குறைகிறான் என்றுகூட நான் கணக்குச் சொன்னேன். மறுமுனையில் சிரித்தார்கள்.

படமெடுக்கிறவர்களுக்கு இந்த உண்மை நன்றாகவே தெரியும். "ஒக்கடு" தெலுங்கில் 2003இல் வந்து, 2004இல் "கில்லி" ஆனபோது கதாநாயகன், கதாநாயகி, இயக்குநர் எல்லாரும் மாறினார்கள். பிரகாஷ்ராஜ் மாறவில்லை. "தனி ஒருவன்" 2016இல் தெலுங்கில் "துருவா" ஆனபோது ஜெயம் ரவி இடத்துக்கு ராம் சரண் வந்தார். வில்லன் சித்தார்த் அபிமன்யு மட்டும் அரவிந்த் சாமியாகவே இருந்தார். கோடிகளைப் போடுகிறவர்கள் வில்லனில் கை வைக்கப் பயப்படுகிறார்கள். வில்லத்தனமான வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்து வென்ற ரீமேக்குகளும் உண்டு. "திருஷ்யம்" படத்தில் கலாபவன் ஷாஜோன் செய்த காவலரை "பாபநாசம்" படத்தில் கலாபவன் மணி செய்தார். மணி முந்தையவரைப் பின்பற்றவே இல்லை, தன் போக்கில் ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்தார். என் கணக்கில் அது தனி வில்லன், தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

சரியான படங்கள் வந்த இடத்தில் வேறு கோளாறு. "மகாதேவி" 1957ஆம் ஆண்டுப் படம். தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல் "ராஜராஜ சோழன்" மூலமாகத்தான். அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுர வடிவம், 4க்கு 3. இப்போதைய தொலைக்காட்சித் திரை 16க்கு 9. அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டினால் படத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். இவர்கள் அதைத்தான் செய்து "4கே" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி" என்று வீரப்பா முழங்குகிறார். அவருடைய நெற்றியும் புருவமும் திரைக்கு வெளியே இருக்கின்றன. புருவம் இல்லாமல் வீரப்பாவா? அந்தச் சிரிப்பின் உச்சியில் ஒலி உடைந்து கரகரக்கிறது.

"பாட்ஷா" தொலைக்காட்சியில் பதிவு செய்தது. மூலையில் அலைவரிசையின் சின்னத்தை மங்கலாக்கி மறைத்திருக்கிறார்கள். விளம்பர இடைவேளைகளை அவசரமாக நீக்கியபோது முன்னும் பின்னும் சேர்த்து நறுக்கியதில் ரகுவரனின் மார்க் ஆண்டனி பாதிப் பேச்சில் மறைந்து அடுத்த காட்சியில் முளைக்கிறார். குரலை உயர்த்தாமல் மெதுவாகப் பேசியே பயமுறுத்திய மனிதர் அவர். அவர் பேசாமல் நிற்கும் நொடிகளை "ஒன்றும் நடக்கவில்லை" என்று வெட்டிவிட்டால் அப்புறம் மார்க் ஆண்டனி எங்கே இருக்கிறார்? "அந்த நாள்" மட்டும் ஒழுங்காக இருந்தது. எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட தொகுப்பு எதையும் வாங்கும் முன் ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, இயக்குநர், மொழி, ஓடும் நேரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலை அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். நம் ஊரில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருப்பது சாதாரணம். "முரட்டுக் காளை", "தில்லு முல்லு", "மாப்பிள்ளை", "நான் அவன் இல்லை" என்று வரிசை நீளமானது. மாதிரிக்கு வில்லன் வரும் ஒரு காட்சியைக் கேளுங்கள், விளம்பரத்துக்காகத் தொகுத்த துணுக்கு வேண்டாம்.

கையில் வந்த பிரதி முழுமையானதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் பழைய படங்களுக்கு நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 27 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். 4,000 மீட்டர் என்றால் ஏறக்குறைய 146 நிமிடம் வர வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தை நம் தொலைக்காட்சி முறையில் 25 சட்டகமாக ஓட்டினால், எதையும் வெட்டாமலே 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் இம்மியளவு கீச்சென்று ஆகும். எனவே ஐந்தாறு நிமிடக் குறைவுக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். என்னிடம் உள்ள "பாட்ஷா"வின் குறைவு அந்த அளவோடு நிற்கவில்லை, சண்டைகளையும் பாட்டுகளையும் வெட்டியது போக மிச்சம்தான் இருக்கிறது. சான்றிதழே இல்லாமல் படம் நேராகத் தொடங்கினால் அதுவே ஒரு அறிகுறி.

"உரிமை பெற்றவை" என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது, "பழைய படங்களுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது" என்றார்கள். இதில் பாதி உண்மை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. "அந்த நாள்", "மகாதேவி" ஆகியவை அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. 1995இன் "பாட்ஷா", 2007இன் "பில்லா", 2008இன் "கஜினி" ஆகியவை எப்படித் தாண்டும்? அவற்றை விற்பது திருட்டுப் பிரதி வியாபாரம், அவ்வளவுதான். "மின்னணுப் பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டும் அவரைக் காப்பாற்றாது. விளம்பரத்தில் சொன்ன பொருளைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு வரியில் கழன்றுகொள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் செலுத்திய ரசீது, கோப்புகளின் பெயரும் உள்ளே ஓடும் படமும் ஒருசேரத் தெரியும் காணொளி ஆகியவற்றைக் கொடுத்தேன். விளம்பரத்தை அவர்கள் நீக்கிவிடுவார்கள், ஆகவே பணம் கட்டும் முன்பே அதைச் சேமித்து வையுங்கள். பணம் கட்டியும் பொருளே வராதவர்கள் காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

புகார் எண்ணைச் சொன்ன பிறகுதான் விற்றவர் இறங்கிவந்தார். சரியாக இருக்கும் படங்களுக்குரிய விலையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்கிறார். எந்தப் படங்கள் சரியானவை என்று அவரையே எழுதித் தரச் சொன்னேன். அவர் அனுப்பிய பட்டியலில் "பில்லா" இருக்கிறது, "கஜினி" இருக்கிறது. முழுத் தொகையும் வரும் வரை புகாரைத் திரும்பப் பெறுவதாக இல்லை. இதே தொகுப்பை வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். பலர் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும் ஆள் ஒருவர்தான் என்பது அதிகாரிகளுக்குத் தெரியவரும்.